லெகோலேண்டா, யுனிவர்சலா? சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எந்த ஓட்டலை எடுப்பது?

வாசகர் கேள்வி:

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். நான் பள்ளி ஆசிரியை, கணவர் விவசாயம். பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. கொழுந்தனார் குடும்பத்தோடு சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறார். மே மாத லீவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகிறோம். முழங்கால் வலி இருந்தாலும் மாமியாரும் வருகிறார். பிள்ளைகளுக்காக ஒரு தீம் பார்க்கும், அதை ஒட்டிய ரிசார்ட் ஓட்டலும் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரின் செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பக்கத்து ஓட்டலா, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் லெகோலேண்ட் ஓட்டலா என்று முடிவு செய்ய முடியவில்லை. "வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு, இங்கிருந்தே போய் வரலாமே" என்கிறார் கொழுந்தனார். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் இதைவிட நல்லது என்று பள்ளியில் ஒருவர் சொல்கிறார். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் என் கணவரை வயலை விட்டு நகர்த்த முடியாது, அதற்குள் திரும்பியாக வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கும்பகோணத்தில் உட்கார்ந்து நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் தொழில். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் தம்பியோ மச்சானோ இருக்கிற குடும்பங்கள் மார்ச் மாதம் பிறந்தாலே இதே கேள்வியோடு வருவார்கள். அதனால் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்த முறை குடும்பத்தோடு யுனிவர்சல் வேண்டாம். லெகோலேண்ட் ஓட்டலில் இரண்டு இரவு எடுங்கள். மீதி நாளெல்லாம் கொழுந்தனார் வீட்டிலேயே இருங்கள். இரண்டு இரவுக்குப் பணம் போதாது என்றால் ஒரு இரவாகக் குறைக்க வேண்டாம், ஓட்டலையே விட்டுவிட்டு ஒரு பகல் மட்டும் போய் வாருங்கள்.

ஒரு இரவு ஏன் கூடாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பூங்கா வாசலிலேயே இருக்கும் ஓட்டலுக்கு நாம் ஏன் அதிகப் பணம் கொடுக்கிறோம்? ராத்திரி தூங்குவதற்கு என்றால் ஈசூன் வீடு போதும், நல்ல சோறும் கிடைக்கும். அந்தப் பணம் மதியத்துக்கு. பத்து மணிக்குப் பூங்கா திறந்ததும் உள்ளே போகிறீர்கள், பன்னிரண்டரை வரைக்கும் பிள்ளைகள் பறக்கும். அதற்கப்புறம் பாருங்கள், பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில், வியர்வை உலராத புழுக்கம், வரிசையில் நிற்கும்போதே மூன்று வயசுப் பிள்ளை தோளில் சாயும், அது சாய்ந்த நேரத்தில் பெரியவனுடைய முறை வந்துவிடும், யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டும், மாமியாருக்குக் கால் வலிக்கிறது, உட்கார இடம் தேடுகிறீர்கள். தூங்காத பிள்ளை மூன்று மணிக்கு மேல் எதைக் காட்டினாலும் அழும். அந்த நேரத்தில் அறை நாலு நிமிட நடையில் இருந்தால் ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, மூன்றரைக்கு மறுபடி உள்ளே போகலாம். அப்போது கூட்டமும் குறையும், பிள்ளையும் புதுசாக இருக்கும். உள்ளே திரும்பி வர கையில் முத்திரை வைக்க வேண்டுமா, டிக்கெட்டே போதுமா என்று வாசலில் கேட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

இப்போது ஒரு இரவு எடுத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். இந்த ஓட்டல்களில் அறை கைக்கு வருவது பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு. காலி செய்ய வேண்டியது மறுநாள் முற்பகல் பதினொன்று, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. அதாவது முதல் நாள் மதியம் அறை இன்னும் வரவில்லை, இரண்டாம் நாள் மதியம் அறை போய்விட்டது. எந்த மதியத்துக்காகப் பணம் கட்டினீர்களோ அந்த மதியம் இரண்டு நாளிலும் உங்களுக்குக் கிடைக்காது. பூங்கா ஓட்டலில் தங்கியும் பிள்ளை அழுதுகொண்டேதான் இருந்தது என்று வருத்தப்பட்டு வருகிறவர்களிடம் எத்தனை இரவு என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்று என்பார்கள். இரண்டு இரவு எடுத்தால் நடுவில் ஒரு முழு நாள் உங்கள் கையில் வரும். முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேருங்கள், அன்று பூங்காவுக்கு டிக்கெட் வேண்டாம், ஓட்டலுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. இரண்டாம் நாள் முழுக்கப் பூங்கா. மூன்றாம் நாள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு அறையைக் காலி செய்து, பெட்டிகளை முன்பக்கக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, தெம்பிருந்தால் நீர்ப் பூங்காவோ கடல்மீன் காட்சியகமோ பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

சரி, யுனிவர்சல் ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் வயதை எழுதியிருக்கிறீர்கள், உயரத்தை எழுதவில்லை. தீம் பார்க்கில் பல விளையாட்டுகளுக்கு உயரம்தான் கணக்கு. யுனிவர்சலில் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும், பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. ஆறு வயதுப் பையன் பொதுவாக 110, 115 அளவில் இருப்பான். ஆக, எதற்காக அந்தப் பூங்காவுக்குப் பேர் இருக்கிறதோ அந்தப் பெரிய விளையாட்டுகளில் இந்த மூன்றில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மட்டும்தான் அவனுக்குக் கிடைக்கும், தங்கச்சிக்கு அதுவும் இல்லை. சின்னவர்களுக்கென்று அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை, செசமி ஸ்ட்ரீட் இருக்கிறது, 2025இல் மினியன் லேண்ட் திறந்திருக்கிறார்கள். ஆனால் செந்தோசாவுக்குள் ரிசார்ட் விலை கொடுத்துத் தங்கி, பாதிப் பூங்காவை வெளியே நின்று பார்ப்பதற்கு இது வயது இல்லை. இருவரும் 125ஐத் தாண்டட்டும், அப்போது போங்கள், ஒன்றையும் விடாமல் ஏறுவார்கள்.

உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போவது ரொம்ப முக்கியம். செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு டேப்பில் அளந்தால் போதும். விளையாட்டு வாசலில் அளவுக் கம்பம் ஒன்று இருக்கும். பிள்ளையை அதன் கீழே நிற்க வைத்துப் பார்ப்பார்கள், ஒரு விரல்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது, அது பாதுகாப்பு விதி. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று அந்தக் கம்பத்தடியில் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. எதில் ஏறலாம், எதில் முடியாது என்று முதல் நாள் இரவே பையனிடம் சொல்லி வையுங்கள். முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஆறு வயசுப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்.

லெகோலேண்ட் இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே கட்டப்பட்டது. 2012இல் திறந்த பூங்கா, ஜோகூரில் இஸ்கந்தர் புத்ரியில் இருக்கிறது, ஓட்டல் அடுத்த வருடம் வந்தது. உங்கள் வீட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே டிரைவிங் ஸ்கூல் என்று ஒரு பகுதி. சிக்னல், திருப்பம், நிறுத்தக் கோடு எல்லாம் போட்ட குட்டிச் சாலையில் பிள்ளைகளே மின்சாரக் கார் ஓட்டுவார்கள். 6 முதல் 13 வயது வரை ஒரு சாலை, 3 முதல் 5 வரைக்கும் தனியாகச் சின்னச் சாலை. உங்கள் பையனும் பெண்ணும் ஆளுக்கொரு சாலையில் ஒரே நேரத்தில் ஓட்டலாம், ஒருவர் ஓட்ட மற்றவர் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. மினிலேண்டில் ஆசியாவின் பெரிய கட்டடங்களை லெகோ கட்டைகளால் அடுக்கியிருக்கிறார்கள், தாஜ்மகாலும் இருக்கிறது. மாமியாருக்கு அதைக் காட்டுங்கள், விளையாட்டில் ஏறாதவர்களும் ரசிக்கிற இடம் அது.

ஓட்டல் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குடும்பத்துக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் அதுதான். அறைகள் கடற்கொள்ளையர், ராஜா காலத்துக் கோட்டை, சாகசப் பயணம் என்று ஒவ்வொரு கருப்பொருளில் இருக்கும். உள்ளே நுழைந்தால் பெரியவர்களுக்கு ஒரு பெரிய கட்டில். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மூலை, அதில் இரண்டடுக்குக் கட்டில், அதன் அடியிலிருந்து இழுத்துக்கொள்கிற இன்னொரு மெத்தை. சின்னப் பெட்டகம் ஒன்று பூட்டியிருக்கும். அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் விடைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தால் பூட்டின் எண் வரும், திறந்தால் பிள்ளைகளுக்கு ஒரு பரிசு. பையன் தாளை வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பான், பாப்பா கட்டில் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் சாயங்காலம் இப்படியே கழிந்துவிடும். பூங்காவுக்கு அன்றைக்கு டிக்கெட் வேண்டாம் என்று சொன்னது இதை வைத்துத்தான்.

கவனித்தீர்களா, அந்த அறை அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற கணக்கில் போட்ட அறை. மூன்றாவதாக ஒரு பெரியவருக்கு அதில் இடம் இல்லை. முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரை இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் குனிந்து படுக்க வைக்க முடியாது, இழுப்பு மெத்தையோ தரையை ஒட்டி இருக்கும், எழுந்திருப்பது அவருக்குச் சிரமம். மூன்று பெரியவர்களை ஒரு அறையில் விடுவார்களா என்பதும் அறை வகையைப் பொறுத்தது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஓட்டலுக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகள், அதில் ஒருவர் முழங்கால் வலி உள்ள முதியவர், தனிக் கட்டில் வேண்டும், எந்த அறையில் இது முடியும், கூடுதல் கட்டணம் எவ்வளவு, குளியலறையில் தொட்டியா, நின்று குளிக்கும் இடமா, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுத் தளத்தில் 'ஐந்து பேர்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அந்த ஐந்தில் மூன்று பேர் பெரும்பாலும் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை மாமியாரிடமே நேராகக் கேளுங்கள்: "இரண்டு ராத்திரி சின்னவர் வீட்டில் இருக்கிறீர்களா, எங்களோடு வருகிறீர்களா?" ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குச் சின்ன மகன் வீட்டில், அந்தப் பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் நிம்மதியாக இருப்பதுதான் பெரிய ஆசையாக இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். உங்கள் ஓரகத்தியிடமும் ஒரு வார்த்தை முன்னாலேயே பேசிவிடுங்கள், அவர் வேலைக்குப் போகிறவர் என்றால் எந்த நாள் வசதி என்று பார்த்து வையுங்கள். அம்மா வரத்தான் ஆசைப்படுகிறார் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பூங்காவிலுமே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது, அதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று அவரிடம் இங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். தள்ளுவண்டியும் அங்கேயே வாடகைக்கு உண்டு, ஆனால் மடக்குகிற சின்ன வண்டி ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போவது நல்லது, விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வராந்தா வரைக்கும் உதவும்.

இனி உங்கள் கொழுந்தனார் சொன்னது. அவர் அன்பால் சொல்கிறார், யுனிவர்சலுக்கு ஒரு நாள் மட்டும் போவதானால் அவர் சொல்வது சரியும்கூட. ஈசூனிலிருந்து எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் டோபி காட் வந்து, தடம் மாறி, ஹார்பர் ஃபிரண்டில் இறங்கி, விவோ சிட்டி வணிக வளாகத்தின் மேல் தளத்திலிருந்து மோனோ ரயில். கதவுக்குக் கதவு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது தெரியாது, சாயங்காலம் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது தெரியும். பையன் யுனிவர்சல் பெயரைக் கேட்டுவிட்டு அடம் பிடித்தால், அவனை மட்டும் சித்தப்பாவோடு ஒரு நாள் அனுப்புங்கள், நீங்களும் பாப்பாவும் வீட்டில் இருங்கள். அதற்கு ஓட்டல் வேண்டியதில்லை.

பணம் போதாமல் ஒரு பகல் மட்டும் போனாலொழிய, லெகோலேண்டுக்கு அந்த யோசனை பொருந்தாது. நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்கு இரண்டு வழி. உட்லண்ட்ஸ் பாலம் ஒன்று, துவாஸ் பக்கம் இரண்டாவது இணைப்புப் பாலம். ஈசூன் வீட்டுக்குக் கிட்டே இருப்பது உட்லண்ட்ஸ்தான், ஆனால் லெகோலேண்டுக்கு அருகில் இருப்பது துவாஸ் பாலம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனி, ஞாயிறும் இரண்டிலும் வண்டிகள் நகராது, அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேருந்தில் போனால் இரண்டு பக்கச் சோதனைச் சாவடியிலும் பெட்டி படுக்கையோடு இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். வண்டி வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். ஐந்து பேர், அதில் ஒரு முதியவர், இரண்டு பிள்ளைகள் என்னும்போது எல்லை தாண்ட உரிமம் உள்ள வண்டியை அமர்த்துவதுதான் புத்திசாலித்தனம், அந்தச் செலவை ஓட்டல் செலவோடு சேர்த்தே போட்டு வையுங்கள். வண்டி பேசும்போது பிள்ளைகளுக்கான இருக்கை கேளுங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் அது கட்டாயம், டாக்சிக்கு மட்டும் விலக்கு. செவ்வாயோ புதனோ போய் வியாழனோ வெள்ளி காலையோ திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவோ நீர்ப் பூங்காவோ வாரத்தில் ஒரு நாள் மூடும் பருவங்களும் உண்டு, அவர்களுடைய காலண்டரைப் பார்த்த பிறகு தேதியை முடிவு செய்யுங்கள்.

மே மாதத்தில் எந்த வாரம்? முதல் பாதி. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் மலேசியப் பள்ளிகளுக்கும் மே கடைசியிலிருந்து லீவு தொடங்கிவிடும், அப்போது கட்டணமும் ஏறும், வரிசையும் நீளும். மே 1 இரண்டு நாட்டிலும் விடுமுறை, புத்த பூர்ணிமாவும் அப்படியே, அந்த நாட்களை ஒட்டி வரும் வார இறுதியைத் தவிருங்கள். முதல் பாதியில் போய் வந்தால் நாற்றங்கால் வேலைக்கும் உங்கள் கணவர் நேரத்தோடு வந்துவிடுவார். ஜோகூரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வருவது சாதாரணம். இடி கேட்டால் திறந்தவெளி விளையாட்டையும் நீரையும் நிறுத்திவிடுவார்கள், அதற்காக டிக்கெட் பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முக்கியமானதையெல்லாம் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மழை நேரத்திலும் அறை பக்கத்தில் இருப்பது உதவும்.

விலையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரையில் காட்டுகிற விலை கடைசி விலை இல்லை. மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், சேவை வரி 8 சதவீதம். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், 9 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் ஏறும். அப்புறம், அறை மட்டுமா, காலை உணவு சேர்த்தா, பூங்கா டிக்கெட்டும் சேர்த்தா என்று பிரித்துப் பாருங்கள். யுனிவர்சலில் 4 வயதுக்குக் கீழே இலவசம், லெகோலேண்டில் 3 வயது ஆனாலே டிக்கெட், எனவே பாப்பாவையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட் சேர்ந்த பேக்கேஜ் என்றால் எத்தனை நாளுக்கு, எந்தப் பூங்காவுக்கு என்று பார்க்க வேண்டும், நீங்கள் போகாத நீர்ப் பூங்காவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டாம். ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு விலையைத் தொடாதீர்கள். மூன்று வயசுப் பிள்ளைக்குக் கிளம்புகிற அன்று காய்ச்சல் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. நான் என் வாடிக்கையாளர்களுக்கு எப்போதும் திருப்பித் தரக்கூடிய முன்பதிவுதான் போடுவேன், கொஞ்சம் கூடுதலானாலும் சரி.

விமானம் திருச்சியிலிருந்தே நேராக இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம். இரவு விமானம் பிடித்தால் விடிகாலையில் சிங்கப்பூரில் இறங்குவீர்கள், அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், பிள்ளைகள் தூக்கமில்லாமல் இருக்கும். அன்றைக்கே எந்தப் பூங்காவுக்கும் போகாதீர்கள். இரண்டு நாள் ஈசூனில் ஓய்வாக இருந்துவிட்டு அப்புறம் ஜோகூர். அந்த இரண்டு நாளில் ஒன்றை மண்டாய் உயிரியல் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈசூனுக்கு அடுத்த நிலையமான காத்திப்பிலிருந்து அங்கே தனிப் பேருந்தே போகிறது, உள்ளே டிராம் வண்டி இருக்கிறது, மாமியார் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்கலாம். இந்த ஒரு நாளில் உங்கள் குடும்பத்தில் ஐந்து பேரும் சந்தோஷப்படுவார்கள், அதற்கும் ஓட்டல் செலவு இல்லை.

காகித வேலையில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை, மலேசியாவுக்கு இந்தியர்கள் இப்போது 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள், ஆகவே விசா வந்ததும் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், பார்த்த பிறகு ஜோகூர் அறையை உறுதி செய்யுங்கள். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கொரு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், பாப்பாவுக்கும் சேர்த்து. சிங்கப்பூர் வருகை அட்டையும் அப்படியே, ஜோகூரிலிருந்து திரும்பும்போது மறுபடியும் ஒருமுறை. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்துடையது இல்லை, உடனே மூடிவிடுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். பையனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது என்றால் முடிந்திருக்கும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நேரம் வாங்குங்கள்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் பற்றி உங்கள் பள்ளியில் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. உயரத் தடை இல்லாத விளையாட்டுகள் அங்கே நிறைய, சின்னப் பிள்ளைகளுக்கு அருமையான இடம், ரிசார்ட்டுக்குள் மூன்று ஓட்டல்கள் இருக்கின்றன. ஆனால் திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போக வேண்டும், போகும் முன் இணையத்தில் முன்பதிவும் செய்ய வேண்டும், அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர் வீடும் இல்லை, எல்லா இரவும் ஓட்டல்தான். மாமியாரையும் மூன்று வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இந்த வருடம் அது வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. சிங்கப்பூரில் ஆள் இல்லாதவர்கள், வெளிநாட்டுச் செலவு முடியாதவர்கள் பெங்களூர் வொண்டர்லாவைப் பாருங்கள். பிடதியில் பூங்காவை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் விடிவதற்குள் பெங்களூர், பிடதி அங்கிருந்து மைசூர் சாலையில். அங்கே கட்டணமே உயரத்தை வைத்துத்தான், 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். நீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையோடு விடமாட்டார்கள், நைலான் நீச்சல் உடை எடுத்துப் போங்கள். இரண்டு இரவுக் கணக்கு அங்கேயும் அதேதான், ராத்திரி ரயிலில் போய்க் காலையில் இறங்குகிறவர்களுக்கு மதியம் வரைக்கும் அறை கிடைக்காது என்பதால் முதல் நாளில் பூங்காவை வைக்காதீர்கள்.

சகோதரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது நான்கே காரியம். இரண்டு பிள்ளைகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள், ஐந்து பேருடைய பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பாருங்கள், மாமியாரிடம் கேளுங்கள், ஓட்டலுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். பதில் வந்ததும் அதையும் தேதிகளையும் எனக்கு எழுதினால், எந்த அறை வகை எடுக்கலாம், எந்த நாளில் எல்லை தாண்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.